நடந்து அளந்த நாடுகள்: ஹாப்ஸ்பர்க் மாகாண வரைபடங்களும் அவற்றை வரைந்தவர்களும்

ஹாப்ஸ்பர்க் குடும்பம் ஆண்ட நிலப்பரப்பு, ஒரே முடியின் கீழ் வந்து சேர்ந்த பல நாடுகளின் தொகுப்பு. மேல் ஆஸ்திரியா, கீழ் ஆஸ்திரியா, ஸ்டீரியா, கரிந்தியா, கார்னியோலா, டிரோல் ஆகியவை பழைய பரம்பரைச் சொத்துகள். 1526-ல் மோஹாச் போர்க்களத்தில் துருக்கியருக்கு எதிராகப் போரிட்ட மன்னர் இரண்டாம் லாயோஷ் இறந்ததும், போஹீமியா, ஹங்கேரி ஆகிய நாடுகளின் முடிகள் முதலாம் ஃபெர்டினாண்டுக்கு வந்தன. போஹீமியாவோடு மொராவியாவும் சிலேசியாவும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டமும் தனி வரிக்கணக்கும் இருந்தன. பிரபுக்கள், மடாதிபதிகள், நகரத்தார் அடங்கிய மாகாணச் சபையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே வரைபடங்களும் மாகாணவாரியாகவே பிறந்தன. பணம் கொடுத்தது பெரும்பாலும் அந்தச் சபைகள்தான்.

இந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பது 1528-ல் இங்கோல்ஸ்டாட் நகரில் அச்சான ஹங்கேரி வரைபடம். எஸ்தெர்கோம் பேராயர் தமாஷ் பாகோட்ஸின் செயலரான லாசர் என்பவர் இதற்கான குறிப்புகளைத் திரட்டினார். வியன்னாப் பேராசிரியர் கியோர்க் டான்ஸ்டெட்டர் அவற்றைச் செப்பனிட, பேட்டர் அப்பியான் மரக்கட்டை அச்சில் பதித்தார். இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு படி. புடாபெஸ்டில் உள்ள தேசிய செசேனி நூலகத்தில் இருக்கும் அது, 2007-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஊர்ப்பெயர்களை இவ்வளவு நெருக்கமாக நிரப்பிய வரைபடம் அன்றைய மத்திய ஐரோப்பாவில் அரிது. ஆனால் அதில் ஒரு பெரிய பிழை உண்டு. டான்யூப் ஆறு எஸ்தெர்கோமைத் தாண்டியதும் செங்குத்தாகத் திரும்பித் தெற்கு நோக்கி ஓடுகிறது. வரைபடத்திலோ அந்தத் திருப்பம் இல்லை. ஆறு தென்கிழக்காகச் சாய்ந்தபடியே போகிறது. இந்தப் பிழை படிக்குப் படி தொற்றி, ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் ஐரோப்பிய வரைபடங்களில் நிலைத்திருந்தது. ஒருவர் வரைந்ததை அடுத்தவர் நம்பி எடுத்துக்கொண்ட காலம் அது. ஆற்றோடு போய் மறுபடி அளந்து பார்க்க யாருக்கும் பணமோ ஆணையோ இல்லை. போரும் குறுக்கே நின்றது.

அந்த நூற்றாண்டில் வரைபடம் வரைந்தவர்கள் பெரும்பாலும் படிப்பாளிகள். வியன்னாவின் வொல்ஃப்காங் லாட்சியஸ் மருத்துவர். ஃபெர்டினாண்டின் அரசவை வரலாற்றாசிரியரும் அவரே. 1556-ல் ஹங்கேரிக்கும், 1561-ல் ஆஸ்திரிய மாகாணங்களுக்கும் அவர் வரைபடங்கள் வெளியிட்டார். பிந்தையது 11 வரைபடங்கள் கொண்ட தொகுப்பு. ஆஸ்திரிய நிலங்களின் முதல் அட்லஸ் என்று அதைச் சொல்லலாம். பழைய கல்வெட்டுகளையும் மடாலயச் சுவடிகளையும் தேடி லாட்சியஸ் நிறையப் பயணம் செய்தவர். அவருடைய வரைபடங்களிலும் அந்த வரலாற்று ஆர்வமே மேலோங்கி நிற்கிறது. தூரங்களை அவர் சங்கிலி போட்டு அளக்கவில்லை. கண்டும் கேட்டும் மதிப்பிட்டார். அதே 1561-ல் பிரெஸ்லாவ் பள்ளி ஆசிரியர் மார்ட்டின் ஹெல்விக் சிலேசியாவின் வரைபடத்தைத் தெற்கு மேலே இருக்கும்படி வெளியிட்டார். 1569-ல் அரசவைக் கணித அறிஞர் பவுலஸ் ஃபப்ரிசியஸ் மொராவியாவை வரைந்தார். ஆன்ட்வெர்ப்பில் ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ் 1570 முதல் வெளியிட்ட அட்லஸ் வழியாக இத்தகைய மாகாண வரைபடங்கள் ஐரோப்பா முழுதும் பரவின.

மொராவியாவுக்கு அடுத்து வந்த வரைபடம் ஹாப்ஸ்பர்க் ஆட்சியிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த ஒருவருடையது. கல்வியியலின் முன்னோடி என்று உலகம் அறிந்த யான் அமோஸ் கொமென்ஸ்கி, அதாவது கொமேனியஸ், ஃபுல்னெக் ஊரில் சகோதரர் சபையின் போதகராக இருந்தார். 1620-ல் வெண்மலைப் போரில் பேரரசரின் படை வென்ற பிறகு சீர்திருத்தச் சபையார் வேட்டையாடப்பட்டார்கள். கொமேனியஸ் பிரபுக்களின் மாளிகைகளில் தலைமறைவாகக் கழித்த ஆண்டுகளில் தன் தாய்நாட்டின் வரைபடத்தைத் திருத்தி முடித்தார். அது 1627-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. மறு ஆண்டு அவர் நாட்டை விட்டே வெளியேறினார், பிறகு திரும்பவில்லை. திராட்சைத் தோட்டங்கள், சுரங்கங்கள், கண்ணாடித் தொழிற்கூடங்கள், வெந்நீர் ஊற்றுகள் எனத் தொழிலையும் பிழைப்பையும் காட்டும் குறிகள் அதில் இருக்கின்றன. மக்களை அறிந்த ஒருவர் வரைந்தது என்பது அதைப் பார்த்தாலே தெரியும். அவர் திரும்பிப் போக முடியாத மொராவியாவை வெளியுலகம் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் அவர் வரைபடத்தின் வழியாகவே பார்த்தது. பல பதிப்பகத்தார் அதை மீண்டும் மீண்டும் செதுக்கி விற்றார்கள்.

மாகாணச் சபைகள் சம்பளம் கொடுத்து, நாடு முழுவதையும் நேரில் சுற்றிவரச் செய்து வரைபடம் வாங்கும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வலுப்பெற்றது. அதன் முதன்மை மனிதர் கியோர்க் மத்தேயஸ் ஃபிஷர். 1628-ல் டிரோலின் வென்ஸ் கிராமத்தில் பிறந்தவர், கத்தோலிக்கக் குரு. மேல் ஆஸ்திரியாவின் லியோன்ஸ்டைனில் பங்குத்தந்தையாக இருந்தபோது, 1667-ல் அந்த மாகாணத்தின் சபை வரைபடப் பணியை அவரிடம் ஒப்படைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1669-ல், 12 தாள்களில் மேல் ஆஸ்திரியா வந்துவிட்டது. 1670-ல் 16 தாள்களில் கீழ் ஆஸ்திரியா. 1678-ல் 12 தாள்களில் ஸ்டீரியா. ஃபிஷரின் மலைகள் பக்கவாட்டில் பார்த்து வரைந்த சிறு குன்றுகளாக வரிசை கட்டி நிற்கும். எந்த மலை எவ்வளவு உயரம், எந்தச் சரிவு செங்குத்து என்பதை அவற்றிலிருந்து அறிய முடியாது. ஆனால் ஊர், கோட்டை, மடாலயம், ஆற்றுப்பாலம் ஆகியவற்றில் அவர் நம்பகமானவர். போகிற ஊர்களின் தோற்றங்களையும் வரைந்துவைத்து, அவற்றைத் தனிச் சித்திரத் தொகுதிகளாக வெளியிட்டார். பின்னாளில் இடிந்துபோன பல மாளிகைகள் எப்படி இருந்தன என்று அறிய இன்று ஃபிஷரை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. வியன்னா அரசவையில் பணிபுரிந்த பிரபுகுலச் சிறுவர்களுக்குக் கணிதமும் கற்பித்த அவர் 1696-ல் லின்ஸில் இறந்தார்.

ஃபிஷர் இறந்த அதே ஆண்டில், இருபத்து மூன்று வயதான யோஹான் கிறிஸ்டோஃப் ம்யூல்லர் ஹாப்ஸ்பர்க் சேவைக்குள் வந்தார். நூரம்பர்க்கில் கியோர்க் கிறிஸ்டோஃப் ஐம்மார்ட்டின் வானாய்வுக்கூடத்தில் விண்மீன்களை அளக்கக் கற்றவர் அவர். அவரை அழைத்தவர் பேரரசின் படையில் இருந்த பொலோனாவின் பிரபு லூயிஜி ஃபெர்டினாண்டோ மர்சீலி. டான்யூப் ஆற்றைப் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதத் திட்டமிட்டிருந்த மர்சீலிக்கு, அட்சரேகையைத் துல்லியமாகக் கணிக்கத் தெரிந்த உதவியாளர் தேவைப்பட்டார். 1699 ஜனவரியில் கார்லோவிட்ஸ் உடன்படிக்கை ஆனது. துருக்கியரோடு புதிய எல்லையை வகுக்கும் குழுவுக்கு மர்சீலி தலைமை ஏற்க, ம்யூல்லர் 1701 வரை எல்லை நெடுகச் சென்று, 39 பகுதிகள் கொண்ட எல்லை வரைபடத்தை உருவாக்கினார். சதுப்பிலும் காட்டிலும் கழிந்த அந்த ஆண்டுகளின் பயன் 1709-ல் அவர் வெளியிட்ட ஹங்கேரி வரைபடத்தில் தெரிந்தது. விண்மீன்களை வைத்துக் கணித்த அட்சரேகைகள் கைவசம் இருந்ததால், டான்யூப் கடைசியில் தன் உண்மையான திருப்பத்தில் திரும்பித் தெற்கே ஓடியது. மர்சீலி இதற்கிடையே பிரைசாக் கோட்டையை எதிரியிடம் விட்ட குற்றத்துக்காக 1704-ல் பதவி பறிக்கப்பட்டிருந்தார். அவருடைய ஆறு தொகுதி டான்யூப் நூல் 1726-ல்தான் வெளிவந்தது.

ம்யூல்லருக்கு அடுத்துக் கிடைத்தவை மொராவியாவும் போஹீமியாவும். மொராவியா 1708-ல் தொடங்கி 1716-ல் அச்சாகி, கொமேனியஸின் வரைபடத்துக்கு ஓய்வு கொடுத்தது. போஹீமியா 1712-ல் தொடங்கியது. அவர் அளந்த முறை எளிமையானது, உடலை வாட்டுவது. வண்டிச் சக்கரத்தோடு இணைத்த ஒரு கருவி சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும். சுற்றளவால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். திசைக்குத் திசைகாட்டி. முக்கிய நகரங்களில் இரவு தங்கி வானத்தை அளந்து அட்சரேகை கணிப்பார். சாலை போகாத இடத்துக்குக் கருவியும் போகாது. அங்கே கோயில் கோபுரங்களையும் குன்றுகளையும் குறிவைத்துக் கோணம் எடுப்பதுதான் வழி. ஆறு ஆண்டுகள் இப்படியே ஓடின. முடிவில் கிடைத்தது 25 தாள்கள் கொண்ட வரைபடம். ஒட்டிப் பார்த்தால் அகலமும் உயரமும் இரண்டு மீட்டருக்கு மேல் போகும். அளவுவிகிதம் சுமார் 1:1,32,000. 12,000க்கும் மேற்பட்ட ஊர்கள் அதில் உண்டு. ஆலை, சுரங்கம், தபால் நிலையம், பாழான கிராமம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி வகுத்திருந்தார். ஆக்ஸ்பர்க்கின் மிக்கேல் கவுஃபர் செப்புத்தகடுகளைச் செதுக்கினார். பிராகாவின் ஓவியர் வாக்லாவ் வாவ்ரினெட்ஸ் ரெய்னர் மூலைச் சித்திரங்களை வரைந்தார். தகடுகளில் 1720 என்ற ஆண்டு இருக்கிறது. 1721-ல், நாற்பத்தெட்டாம் வயதில், ம்யூல்லர் வியன்னாவில் இறந்தார். சிலேசியாவை அளக்கும் பணி யோஹான் வொல்ஃப்காங் வீலாண்டிடம் போயிற்று. அந்த அட்லஸ் 1750-ஐ ஒட்டி வெளிவந்தபோது, சிலேசியாவின் பெரும்பகுதி பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் கைக்குப் போய்விட்டிருந்தது.

இவ்வளவு பெரிய வரைபடத்தைச் சாதாரண வாசகர் வாங்க முடியாது. அதைச் சுருக்கி, ஒற்றைத் தாளாக்கி, கையால் வண்ணம் தீட்டி விற்றது நூரம்பர்க்கின் யோஹான் பாப்டிஸ்ட் ஹோமன் 1702-ல் தொடங்கிய பதிப்பகம். ஆறாம் கார்ல் பேரரசர் 1715-ல் ஹோமனுக்குப் பேரரசின் புவியியலாளர் என்ற பட்டம் கொடுத்தார். இன்று பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் ஹாப்ஸ்பர்க் காலத்து மாகாண வரைபடங்களில் பெரும்பங்கு ஹோமனும் அவர் வாரிசுகளும் அச்சிட்டவை. அவற்றின் வண்ணமும் மூலை அலங்காரமும் கண்ணைக் கவரும். ஆனால் அவற்றின் அடியில் இருக்கும் அளவைப் பணி அநேகமாக வேறொருவருடையது. வாங்குபவர்கள் அந்தப் பெயரைத் தேடுவது குறைவு.

ஹாப்ஸ்பர்க் மாகாண வரைபடங்களில் உச்சம் எது என்று கேட்டால் டிரோலின் அட்லஸைத்தான் சொல்ல வேண்டும். அதைச் செய்தவர்கள் இரண்டு விவசாயிகள். பேட்டர் அனிஹ் 1723-ல் இன்ஸ்ப்ரக்குக்கு மேற்கே ஓபர்பெர்ஃபஸ் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். தந்தை விவசாயி; மரம் கடைசல் வேலையும் செய்தவர். தந்தை இறந்த பிறகு நிலமும் கடைசல் பட்டறையும் மகனிடம் வந்தன. ஊர்ச்சுவர்களில் சூரியக் கடிகாரம் வரைந்து கொடுப்பதும் அனிஹின் வழக்கம். அவருக்குக் கணிதமும் வானியலும் கற்கும் ஆவல் விடாமல் இருந்தது. 1751-ல், இருபத்தெட்டாம் வயதில், இன்ஸ்ப்ரக் பல்கலைக்கழகத்தின் இயேசு சபைப் பேராசிரியர் இக்னாஸ் வைன்ஹார்ட்டிடம் போய்க் கேட்டார். வைன்ஹார்ட் ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் பாடம் சொன்னார். வாரம் முழுக்க வயலில் உழைத்துவிட்டு, ஓய்வு நாளில் மலையிறங்கி நகரத்துக்கு நடந்து, மீண்டும் ஏறி வீடு திரும்புவது அனிஹின் வாழ்க்கையாயிற்று. 1756-ல் ஒரு மீட்டர் விட்டமுள்ள விண்கோளத்தையும், 1759-ல் அதே அளவில் புவிக்கோளத்தையும் தன் பட்டறையிலேயே செய்து முடித்தார்.

அப்போது டிரோலின் தென்பகுதியை ஜோசஃப் ஃபொன் ஸ்பெர்க்ஸ் என்ற அதிகாரி வரைந்துகொண்டிருந்தார். வைன்ஹார்ட்டின் பரிந்துரையில் 1760-ல் வடபகுதி அனிஹிடம் வந்தது. பிறகு தென்பகுதியையும் புதிதாக அளக்கும் பொறுப்பு சேர்ந்தது. அளவைக் கருவிகளைத் தானே செய்துகொண்டவர் அவர். சிகரத்தின் மேல் ஏறி, அங்கிருந்து தெரியும் மற்றச் சிகரங்களையும் கோபுரங்களையும் குறிவைத்துக் கோணம் எடுப்பார். பள்ளத்தாக்கில் ஒரு நேர்கோட்டை அளந்து, அதை அடியாகக் கொண்டு முக்கோணங்களை விரிப்பார். சாலையை நம்பிய ம்யூல்லரின் முறையிலிருந்து இது அடிப்படையிலேயே வேறு. மலைநாட்டில் சாலை சொல்லும் தூரம் ஏமாற்றும்; சிகரத்திலிருந்து எடுத்த கோணம் ஏமாற்றாது. மேய்ச்சல் குடிசைகளுக்கும் பனிப்பாறைகளுக்கும் மாடு மேய்ப்பவர் போகும் பாதையிலேயே அவர் போனார். ஊர்க்காரர்களின் சந்தேகம் தொல்லை கொடுத்தது. அளப்பவன் வந்தால் பின்னாலேயே வரி வரும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது.

1765 முதல் அதே ஊரின் விவசாயி பிளாசியஸ் ஹூபர் உதவிக்கு வந்தார். அவருக்கு அளவைக் கலையைக் கற்பித்தவர் அனிஹ். எட்ஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சதுப்புகளில் அளக்கும்போது அனிஹைக் காய்ச்சல் பற்றியது. உடல் தேறவே இல்லை. மரியா தெரசா அவருக்குத் தங்கப் பதக்கமும் ஆண்டு ஊதியமும் அறிவித்தபோது அவருக்கு மிஞ்சியிருந்தவை சில நாள்களே. 1766 செப்டம்பர் 1-ம் தேதி, நாற்பத்து மூன்றாம் வயதில், அவர் காலமானார். மீதித் தென்பகுதியை ஹூபர் 1769-க்குள் அளந்து முடித்தார். வியன்னாவில் யோஹான் எர்ன்ஸ்ட் மான்ஸ்ஃபெல்ட் செதுக்கிய 20 தாள்கள் 1774-ல் வெளிவந்தன. அளவுவிகிதம் சுமார் 1:1,03,800. தலைப்பில் இருவரும் ஓபர்பெர்ஃபஸ் ஊர் விவசாயிகள் என்று அறிமுகமாகிறார்கள். நிலவளம், பனிப்பாறை, ஆல்ப்ஸ் மேய்ச்சல் குடிசை, மூலிகைக் குளியலிடம், இடிந்த கோட்டை, பழைய போர்க்களம் என வரைபடம் சொல்லும் செய்திகளுக்கு எல்லையில்லை. அதே அளவில் அன்றைய ஐரோப்பாவில் இவ்வளவு துல்லியமான மலைநாட்டு வரைபடம் வேறெங்கும் இல்லை. ஹூபர் பிறகு தன் மருமகன் அன்டோன் கிர்ஹெப்னரோடு ஃபோரார்ல்பெர்க்கை அளந்தார். அது 1783-ல் அச்சாயிற்று.

அனிஹ் மலைகளில் அலைந்துகொண்டிருந்தபோதே வியன்னாவில் வேறொரு திட்டம் உருவானது. 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில், சொந்த மண்ணிலேயே படைகளுக்கு நல்ல வரைபடம் இல்லை என்பது தெரிந்துபோயிற்று. 1764-ல் போர் ஆலோசனைச் சபையின் தலைவர் டவுன் முன்வைத்த யோசனையை மரியா தெரசா ஏற்றார். நாடு முழுவதையும் ராணுவ அதிகாரிகளே ஒரே அளவில் அளக்க வேண்டும் என்பது திட்டம். வியன்னா அளவில் ஓர் அங்குலத்துக்கு 400 கிளாஃப்டர். ஒரு கிளாஃப்டருக்கு 72 அங்குலம். பெருக்கினால் 1:28,800 என்ற விகிதம் வரும். அதிகாரிகள் குதிரையில் போய், முக்காலி மேல் பொருத்திய பலகையில் முக்கிய இடங்களை மட்டும் அளந்து குறித்து, மீதியைக் கண்ணால் மதிப்பிட்டு வரைந்தார்கள். போஹீமியாவில் ம்யூல்லரின் வரைபடத்தைப் பெரிதாக்கி அதன்மேல் விவரங்களை ஏற்றினார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் கையெழுத்து விவரக் குறிப்புகள் உண்டு: பாதை மழையில் தாங்குமா, ஆற்றை எங்கே கடக்கலாம், எந்தக் கட்டடம் கல்லால் ஆனது, எங்கே தீவனம் கிடைக்கும் என்று.

1787 வரை நீண்ட அந்த அளவை, இரண்டாம் ஜோசப்பின் பெயரால் அறியப்படுகிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் வரையப்பட்டன. எல்லாம் கையால் வண்ணம் தீட்டியவை. இரண்டே படிகள், இரண்டும் ராணுவ ரகசியம். எந்தப் பதிப்பகத்தாரும் அவற்றைப் பார்க்க முடியவில்லை. நிலத்தைப் பற்றிய அறிவு பொதுவெளியிலிருந்து விலகிப் பூட்டிய அறைக்குப் போனது இப்போதுதான். அதன் பெரும் குறை, எல்லா மாகாணங்களையும் பிணைக்கும் பொதுவான முக்கோண அளவை இல்லாதது. இயேசு சபையின் ஜோசஃப் லீஸ்கானிக் 1762 முதல் வியன்னாவைச் சுற்றித் தீர்க்கரேகை வில் ஒன்றை அளந்திருந்தார். அது முழு ஆட்சிப்பரப்புக்கும் விரியவில்லை. அதனால் ஒரு மாகாணத்தின் தாள்கள் அடுத்த மாகாணத்தின் தாள்களோடு ஓரத்தில் சேர மறுத்தன. ஆஸ்திரிய நெதர்லாந்தை, அதாவது இன்றைய பெல்ஜியத்தை, ஜோசஃப் டி ஃபெராரிஸ் பீரங்கிப் படையினரை வைத்து 1771 முதல் 1778 வரை தனியாக அளந்தார். 275 தாள்கள் கொண்ட கையெழுத்துப் படிகள் மூன்றே. ஆனால் 25 தாள்களில் சுருக்கிய வடிவம் அச்சாகி விற்பனைக்கும் வந்தது.

ஜோசப்பின் அளவையில் டிரோலும் ஃபோரார்ல்பெர்க்கும் சேரவில்லை. அனிஹும் ஹூபரும் வரைந்தது ஏற்கெனவே கையில் இருந்தது. நெப்போலியன் காலப் போர்களில் பிரெஞ்சுப் போர்த்துறை டிரோலுக்கு வரைபடம் தேடியபோது, அந்த 20 தாள்களைச் சுருக்கியே 1808-ல் தன் படியை வெளியிட்டது. 1806-ல் பேரரசர் ஃபிரான்ஸ், ஒரே முக்கோண வலையின் மேல் முழு ஆட்சிப்பரப்பையும் மீண்டும் அளக்க உத்தரவிட்டார். டிரோல் அப்போது பவேரியாவின் கையில் இருந்தது. 1814-ல் திரும்பி வந்தபின், 1816க்கும் 1821க்கும் இடையே அங்கே புதிய அளவை நடந்தது. அதுவரை ஆஸ்திரியர், பவேரியர், பிரெஞ்சுக்காரர் யாராயினும் டிரோலில் வழி தேடியது ஓபர்பெர்ஃபஸ் விவசாயிகளின் வரைபடத்தையோ அதன் படிகளையோ வைத்துத்தான்.